ரங்கூன் கத்தி என்ன விலை? - காரைக்குடி பழம்பொருள் தெருவில் ஒரு நாள்!

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே, அப்பாவின் பழைய பனியன் துணியில் சுற்றிய ஒரு கத்தி. மிரள வேண்டாம்... சவரக்கத்திதான். மடக்கி, ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். இருந்தாலும் கண்டக்டர் பக்கத்தில் வந்தபோதெல்லாம் ஏதோ தப்பு செய்தவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டில் அதற்கு ‘ரங்கூன் கத்தி’ என்று பெயர். அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா ஊரில் சவரத் தொழில் செய்தவர். அவருக்கு அவருடைய தாத்தாவிடமிருந்து வந்த கத்தி இது. ரங்கூனில் கடை வைத்திருந்த ஒரு செட்டியார் வீட்டில், மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ததற்கு வெகுமதியாகக் கொடுத்தார்களாம். அப்பத்தா சொன்ன கதை. அப்பத்தா கதைகளில் எது நடந்தது, எது அவராகச் சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம்.

போன வருஷம் அப்பத்தாவும் போய்ச் சேர்ந்த பிறகு, ஓட்டு வீட்டைப் பிரிக்கலாம் என்று பரணைச் சுத்தம் செய்தபோது ஐயாவின் அடைப்பம் கிடைத்தது. சவரத் தொழிலாளிகள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் தோல் பைக்கு அடைப்பம் என்று பெயர். உள்ளே தீட்டுக்கல், தோல் வார், பித்தளைக் கிண்ணி, பாதி கரைந்த படிகாரக் கட்டி, துருப்பிடித்த கத்தரி. கூடவே இந்தக் கத்தி.

அப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ரிட்டையர் ஆனவர். சின்ன வயதிலிருந்தே அந்தப் பையைத் தொட்டதில்லை. ஐயா என்ன தொழில் செய்தார் என்று ஆபீஸில் யாரிடமும் சொன்னதும் இல்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று கத்தியைக் கையில் எடுத்ததற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ. ‘உங்கள் வீட்டில் பழைய சவரக்கத்தி இருக்கா? லட்சங்களை அள்ளலாம்!’

(அந்த மாதிரி தலைப்பு வைக்கிற டிஜிட்டல் டெஸ்க்கில்தான் நானும் வேலை பார்க்கிறேன். அதனால் யாரையும் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை.)

லட்சம் வந்தால் வீட்டுக்குக் காங்கிரீட் போடலாம் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார். நான் சென்னையிலிருந்து வருவதற்குள் கத்தியைப் ‘புதுசு மாதிரி’ ஆக்கியும் வைத்துவிட்டார். உப்புத்தாள் போட்டு, இரண்டு பக்கமும், பளபளவென்று. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடிக்கு வருகிறவர்கள் ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி டைல்ஸ், செட்டிநாட்டுச் சாப்பாடு என்று ஒரு சுற்று முடித்துவிட்டுக் கடைசியில் எட்டிப்பார்க்கிற இடம் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா தேக்குத் தூண்கள் வாசலில் சாய்ந்து நிற்கும். உள்ளே போனால் எனாமல் தூக்குச்சட்டிகள், ரவிவர்மா படங்கள், பீங்கான் பொம்மைகள், பெல்ஜியம் கண்ணாடிகள், கைப்பிடி போன பாக்குவெட்டிகள்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் குடும்பங்கள் ஊருக்குக் கொண்டுவந்த சாமான்கள் இவை. இரண்டாம் உலகப் போரும் அதற்குப் பிந்தைய காலமும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. வீடுகள் பாகம் பிரிந்தன. சில வீடுகளை இடித்தே விட்டார்கள். வீட்டுக்குள் இருந்தவை தெருவுக்கு வந்தன. ஒரு தலைமுறை கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்ததை இன்னொரு தலைமுறை எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்தத் தெருவில் நடக்கும்போது ஏதோ யாரோ வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற கூச்சம் எனக்கு இருந்தது.

மூன்று கடைகளில் கத்தியைப் பார்த்ததும், ‘இதெல்லாம் ஓடாதும்மா’ என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது கடையில் ஒரு பெரியவர். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கத்தியை வாங்கும் முன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொம்பளப்புள்ள... சவரக்கத்தி ஒனக்கு எதுக்குத் தாயி?”

“எங்க ஐயாவோடது பாய்.”

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கழுத்தைப் படிக்கணும்!

பாய் முதலில் அலகைப் பார்க்கவே இல்லை. அலகுக்கும், விரல் வைக்கிற வாலுக்கும் நடுவில் பட்டையாக ஓர் இடம் இருக்கிறதல்லவா, கைப்பிடியோடு ஆணி அடித்திருக்கும் இடம். அதைக் ‘கழுத்து’ என்றார். செய்தவர் பெயர், ஊர், முத்திரை எல்லாம் அந்தக் கழுத்தில்தான் அடிப்பார்கள். அலகில் இருக்கும் எழுத்துகளும் படங்களும் பெரும்பாலும் அமிலத்தால் மேலோட்டமாகப் பொறித்தவை; தேய்ந்து போய்விடும். கழுத்தில் இருப்பது இரும்பில் ஆழமாக அடித்தது.

ஒரு பக்கத்தைப் பார்த்தவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உப்புத்தாள் போட்டது யாரு?”

“அப்பா...”

“சோலி முடிஞ்சுது.”

ஆனாலும் விடவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுக் கத்திக்கு நேராகக் காட்டாமல், பக்கவாட்டில் ரொம்பச் சாய்வாகப் பிடித்தார். பளபளவென்று வெறுமையாகத் தெரிந்த இடத்தில் லேசாக நிழல் விழுந்தது. ஒரு வரியின் கடைசியில் ‘...சர்’ என்று முடியும் ஆங்கில எழுத்துகள். அதற்குக் கீழே ‘...ஃபீல்டு’. ஓரத்தில் ஓர் அம்பு, பக்கத்தில் ஒரு சிலுவை.

“ரங்கூனுமில்ல, மாண்டலேயுமில்ல. ஷெஃபீல்டு. வேடு அண்டு புச்சர்.”

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கிற ஊர் ஷெஃபீல்டு. கத்தி செய்வோரின் சங்கத்தை நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே 1624-ல் அமைத்த ஊர். கைவினைஞர்களுக்கு முத்திரைகளைப் பதிவுசெய்து கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். சவரக்கத்திக்குத் தேவையான சீரான எஃகு அதன் பிறகுதான் அங்கே கிடைக்க ஆரம்பித்தது. பழைய கத்திகளின் கழுத்தில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பெருமையாக அடித்திருப்பது இதைத்தான்.

வேடு அண்டு புச்சர் அந்த ஊரின் பெரிய பெயர்களில் ஒன்று. அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியவர்கள். அவர்களுடைய தடித்த அகலக் கத்திகளுக்கு இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி உண்டு. பாய் டார்ச்சை அலகுக்குத் திருப்பினார். அங்கேயும் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டினார். ‘ஃபார் பார்பர்ஸ் யூஸ்’. முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பாதிதான் இருந்தன. நடுச்சொல் முழுசாக இருந்தது.

நாவிதர் உபயோகத்துக்கு. கத்தி செய்த ஊரிலேயே அப்படிப் பொறித்து அனுப்பியிருக்கிறார்கள். அப்பா உப்புத்தாளைத் தேய்த்தபோது அந்தச் சொல்லைப் படித்திருப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

ராஜா பெயரை நம்பலாமா?

பாய் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு கத்திகள். “வாங்க ஆள் இல்ல. விக்கவும் மனசு இல்ல” என்றபடி ஒவ்வொன்றாகப் பிரித்தார். அடுத்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது.

முதல் கத்தியில் நட்சத்திரமும் சிலுவையும். அது ஜோசப் ராட்ஜர்ஸ். 1682-ல் பதிவான முத்திரை. அதில் கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் ‘வி’, ‘ஆர்’ என்ற எழுத்துகள். விக்டோரியா ராணி காலம். அதாவது 1837 முதல் 1901-க்குள். ‘டபிள்யூ ஆர்’ என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. ஏழு வருஷம்தான் என்பதால் தேதி சொல்வது சுலபம். ‘ஜி ஆர்’ என்று பார்த்தால்தான் உஷாராக இருக்க வேண்டும். நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1910-ல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். எண்பது வருஷ வித்தியாசம்! அப்போது வால் எவ்வளவு நீளம், அலகு எவ்வளவு தடிமன் என்று மற்ற அடையாளங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். 18-ம் நூற்றாண்டுக் கத்திகளுக்குப் பெரும்பாலும் வால் இருக்காது, அல்லது மொட்டையாக இருக்கும்.

இன்னொரு கத்தியில் கைகோத்த இரட்டையர். ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர், ஹெங்கல்ஸ் கம்பெனி. அந்த இரட்டையர் முத்திரை 1731-ல் அங்குள்ள கத்திக்காரர் சங்கத்தில் பதிவானது. ஷெஃபீல்டுக்கும் ஸோலிங்கனுக்கும் நடந்த சண்டைதான் இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி.

19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலிவான ஜெர்மன் கத்திகள் ஷெஃபீல்டு பெயரிலேயே சந்தைக்கு வந்தன. ஷெஃபீல்டுக்காரர்கள் கொதித்தார்கள். விளைவு, 1887-ல் பிரிட்டனில் வணிக முத்திரைச் சட்டம். வெளிநாட்டுச் சரக்கு பிரிட்டிஷ் சரக்கு போல வேஷம் போடக் கூடாது. இரண்டே வருஷத்தில், 1889-ல் இந்தியாவுக்கும் அதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்பது முதலில் மானத்தை வாங்க அடித்த முத்திரை. ஸோலிங்கன்காரர்கள் தரத்தைக் கூட்டி அதையே பெருமையாக மாற்றிக்கொண்டார்கள். 1938-ல் ஸோலிங்கன் என்ற ஊர்ப் பெயரையே சட்டம் போட்டுப் பாதுகாக்கும் அளவுக்கு அந்தப் பெயருக்கு மவுசு வந்துவிட்டது.

அமெரிக்காவும் 1890-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயம் என்றது. அதனால் ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்தால் பழசு, ‘ஷெஃபீல்டு இங்கிலாந்து’ என்றிருந்தால் அதற்குப் பிந்தியது என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். ஆனால், அது அமெரிக்கா போகும் சரக்குக்கான சட்டம். நம் ஊர்ப் பக்கம் வந்த கத்திக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஒரு துப்பு, அவ்வளவுதான்.

டின்னில் இருந்த ஒன்றில் ‘இந்தியா ஸ்டீல்’ என்றே அடித்திருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஷெஃபீல்டில் நம்ம ஊர் எஃகா? வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகை ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்றார்கள். ‘உக்கு’, ‘உருக்கு’ என்ற நம் சொற்களிலிருந்து வந்த பெயர் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஈரோடு பக்கம் கொடுமணலில் அப்படி எஃகு செய்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. லண்டனில் அறுவை சிகிச்சைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் நல்ல எஃகைவிட இந்திய ஊட்ஸே மேல் என்று தன் விளம்பர அட்டையிலேயே போட்டிருந்தார். அவரோடு சேர்ந்து ஊட்ஸ் ரகசியத்தைத் தேடியவர் யார் தெரியுமா? மின்சாரப் பாடத்தில் நாம் படித்த மைக்கேல் ஃபாரடே! எஃகில் துளி வெள்ளி சேர்த்தும் இருவரும் சோதித்தார்கள். அதன் பிறகு ஷெஃபீல்டு கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரையும் தலைகாட்ட ஆரம்பித்தது. ஆனால் ‘இந்தியா ஸ்டீல்’, ‘சில்வர் ஸ்டீல்’ என்றெல்லாம் இருப்பதால் உள்ளே இருப்பது அதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. பெரும்பாலும் விளம்பரச் சொற்கள். அந்தக் காலத்திலும் தலைப்பு வைக்க ஆள் இருந்திருக்கிறார்கள்!

கால் இஞ்ச் எங்கே போச்சு?

விலைக்கு வருவோம். பெயர் தெரிந்தாயிற்று, விலை?

முதலில் அகலம். முதுகிலிருந்து கூர் வரை, ஓர் இஞ்ச்சை எட்டாகப் பிரித்துச் சொல்வார்கள். எட்டில் ஐந்து, எட்டில் ஆறு என்று. பாய் சுத்தத் தமிழில் ‘அரையே அரைக்கால்’, ‘முக்கால்’ என்றார். அகலமும் கனமும் கூடக்கூட மதிப்பு கூடும்; பழைய ஷெஃபீல்டு கத்திகள் ஆப்பு மாதிரி தடியாக இருக்கும். பிற்கால ஜெர்மன் கத்திகளின் அலகு இரண்டு பக்கமும் குழிவாக, காகிதம் போல மெலிந்திருக்கும். நகத்தால் சுண்டினால் கிண்ணென்று பாடும்.

அடுத்து கைப்பிடி. எங்கள் கத்தியில் இருப்பது கொம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவியது. இழை இழையாகத் தெரிந்தது. எலும்பு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். தந்தம் என்றால் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கோடுகள். தந்தம் என்று தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரத்துக்கு நம் நாட்டில் தடை. தாத்தா காலத்துப் பொருள் என்ற பேச்சு எடுபடாது.

செல்லுலாய்டு கைப்பிடி இன்னொரு தலைவலி. விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் சூடம் வாசனை வரும். பழசாகும்போது அது தானாகவே சிதைந்து அமில ஆவியை விடும். பக்கத்திலிருக்கும் அலகைத் துரு தின்றுவிடும். டின்னில் ஒரு கத்தியின் நடுப்பகுதி மட்டும் அப்படிக் கறுத்து அரித்துப்போயிருந்தது. அந்த மாதிரி கத்தியை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது. சந்தேகம் தீர்க்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வேலையும் வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றும்.

கடைசியாகத்தான் அலகின் உடம்பு. விளிம்பில் பல் போயிருக்கிறதா, விரிசல் உண்டா, துருப்புள்ளி கூர் வரை இறங்கியிருக்கிறதா. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பெரிய பெயருக்குக்கூட மதிப்பு பாதாளத்துக்குப் போகும். எங்கள் கத்தியில் இது எதுவும் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாய் ஸ்கேலை எடுத்து அளந்தார். முக்கால் இஞ்ச்.

“பொறந்தப்ப இது முழு இஞ்ச் கத்தி. முதுகைப் பாரு, எப்படிப் பட்டையாத் தேஞ்சிருக்குன்னு. கல்லுல போட்டுப் போட்டு வந்த தேய்மானம். நுனிப்பக்கம் கூடத் தேஞ்சிருக்கு. உங்க ஐயா தீட்டும்போது நுனியை அழுத்தித் தீட்டுவாரா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. ஐயா திண்ணையில் உட்கார்ந்து, கல்லில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கடைசியில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டித் தீட்டுவார். ‘சர்ர்ரக்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு தோல் வாரில் நாலு இழுப்பு. சின்னப் பிள்ளையாக அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பழம்பொருள் கணக்கில் அதற்குப் பெயர் சேதாரம். தேயாத கத்திக்குத்தான் விலை. பெட்டியிலேயே கிடந்த கத்தி, யாரும் சவரம் செய்யாத கத்தி, அதுதான் உசத்தி. மூணு தலைமுறை கல்லில் போட்ட கத்தியில் கால் இஞ்ச் காணோம். களத்தில் நெல் வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறம் வந்து நின்று, ஊரில் ஒரு வீடு விடாமல் சவரம் செய்ததில் போன கால் இஞ்ச் அது. 90-களில் எய்ட்ஸ் பயம் வந்து, ஆளுக்கொரு பிளேடு என்று மாறியபோது ஐயா இந்தக் கத்தியை மடக்கி அடைப்பத்தில் வைத்தார். அப்புறம் வெளியே எடுக்கவில்லை.

“என்ன விலை போகும் பாய்?”

“எழுத்து ஒழுங்கா இருந்திருந்தா மூவாயிரம் கொடுத்து நானே எடுத்துருப்பேன். இப்ப ஐந்நூறு. அதுவும் கொம்புக் கைப்பிடிக்காக.”

லட்சம் எங்கே என்று கேட்டேன். சிரித்தார். பெரிய பெயர், அபூர்வ வேலைப்பாடு, தேயாத அலகு, பெட்டியோடு முழு செட் என்று எல்லாம் சேர்ந்தால்தான் பெரிய விலை. வீடுகளில் கிடைக்கிற சாதாரணக் கத்திகள் சில நூறிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும் என்றார். வெளிநாட்டு இணையதளங்களில் டாலர் விலை பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் கடந்த தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கத்திதானே என்று பார்சல் கட்டும் முன் தொல்லியல் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் பரணிலும் ஒன்று இருந்தால், தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும். சாய்வாக டார்ச் அடித்துக் கழுத்தை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன்.

“என்னம்மா, எவ்வளவு சொன்னாங்க?”

“ஐந்நூறுப்பா.”

எதிர்முனையில் சத்தமே இல்லை. உப்புத்தாள் கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டேன். அலகில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். நுனி தேய்ந்திருப்பதைப் பார்த்து பாய் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

“ஆமா... எங்கப்பா நுனியை அழுத்தித்தான் தீட்டுவாரு. அந்த ஆளு எப்படிக் கண்டுபுடிச்சாரு?”

“தேஞ்சதைப் பார்த்துத்தான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “குடுத்துட்டியா?” என்றார்.

“இல்லப்பா, பையிலதான் இருக்கு.”

“சரி, கொண்டாந்துரு. வர்றப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிக்க. அடைப்பத்துத் தோலும் வெடிச்சுக் கெடக்கு, அதுக்கு என்ன போடணும்னு அவர்கிட்டயே கேட்டுட்டு வா.”

நான் திரும்பக் கடைக்குள் போனேன்.